ஜன்னல் இல்லாத அறையிலிருந்து அலாஸ்கா

ஜூன் 8, ஞாயிறு. வான்கூவர்

எங்கள் அறையில் ஒரு திரைச்சீலை தொங்கியது. அத்தை ஆசையோடு அதை விலக்கினார். பின்னால் சுவர்தான் இருந்தது.

பால்கனி வைத்த அறைக்கு இருவருக்கும் சேர்த்து 1,400 டாலர் கூடுதலாகக் கேட்டிருந்தார்கள். வேண்டாம் என்று முடிவு செய்தவன் நான். "கப்பலில் வெளியே நிற்பதற்கா இடமில்லை அத்தை? அதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டுமா?" என்று ஆறு மாதத்துக்கு முன்பு நான் பேசிய வசனம் அவர் நினைவில் பத்திரமாக இருந்தது. சுவரைப் பார்த்தபடியே, "சரி, அந்த இடத்தையெல்லாம் காட்டு" என்றார். அத்தைக்கு 68 வயது. கழுத்தில் மாமாவின் பழைய பைனாகுலர் தொங்குகிறது. இந்தப் பயணம் முடிகிற வரை அது கழுத்தை விட்டு இறங்காது என்று தோன்றுகிறது.

மாலை ஐந்து மணிக்குக் கப்பல் நகர்ந்தது. சற்று நேரத்தில் லயன்ஸ் கேட் பாலத்தின் அடியில் போகப் போகிறோம் என்று அறிவித்தார்கள். 1938இல் திறந்த தொங்குபாலம் அது. நீர்மட்டத்திலிருந்து 61 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. எல்லோரும் செய்ததையே நானும் செய்தேன். இருப்பதிலேயே உயரமான பதினோராம் தளத்துக்கு அத்தையை இழுத்துக்கொண்டு ஓடினேன். பாதிக் கப்பல் அங்கேதான் நின்றது. முன்பக்கம் முழுக்க ஆளுயரக் கண்ணாடித் தடுப்பு. அதில் காய்ந்துபோன கடலுப்பு. அதற்கு முன்னால் மூன்று வரிசை ஆட்கள். அத்தைக்குத் தெரிந்தது ஒருவருடைய சிவப்புத் தொப்பியும் பாலத்தின் அடிவயிறும் மட்டும்தான்.

பாலம் தாண்டியதும் கூட்டம் அப்படியே சாப்பாட்டு அறைக்கு இறங்கிவிட்டது. இரண்டு பக்கமும் மலை, ஒன்பது மணி வரைக்கும் வெயில், தளத்தில் பத்துப் பேர்கூட இல்லை. எல்லோரும் சாப்பிடுகிற நேரத்தில் வெளியே நிற்பது என்ற முதல் தந்திரம் இப்படித்தான் கிடைத்தது. அதற்குக் கொடுத்த விலை, நாங்கள் கீழே போனபோது சூடான எதுவும் மிச்சமில்லாதது. அத்தை சைவம். அவருக்குக் காளான் வந்தது.

இரவு பதினோரு மணிக்குக் கப்பல் சீமோர் நேரோஸ் என்ற குறுகலான நீர்வழியைக் கடந்தது. ஓதம் ஏறி இறங்கும்போது அங்கே நீரோட்டம் 15 நாட், அதாவது மணிக்கு 28 கிலோமீட்டர், வேகத்தைத் தொடும். அதனால் ஓதம் திரும்புகிற அமைதியான நேரம் பார்த்துத்தான் பெரிய கப்பல்கள் நுழைகின்றன. நீருக்கடியில் ரிப்பிள் ராக் என்ற பாறை இருந்து கப்பல்களைப் பலி வாங்கிக்கொண்டிருந்தது. கடலடியில் சுரங்கம் குடைந்து வெடிமருந்தை நிரப்பி, 1958 ஏப்ரல் 5 அன்று அதன் தலையைத் தகர்த்தார்கள். இதையெல்லாம் படித்துவிட்டு மூன்றாம் தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கும்மிருட்டு. கப்பலின் விளக்கு விழுந்த இடத்தில் மட்டும் தண்ணீர் எண்ணெய் போல வழவழப்பாகச் சுழன்றுகொண்டிருந்தது. அத்தை அதற்குள் தூங்கிவிட்டார். ஜன்னல் இல்லாத அறையில் தூக்கம் நன்றாகவே வருகிறது.

ஜூன் 9, திங்கள். கடலில்

மூடுபனி. முன்னால் கடலும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை. பனியில் போகும் கப்பல் இரண்டு நிமிடத்துக்குள் ஒருமுறையாவது நீளமாகச் சங்கூத வேண்டும் என்பது விதி. சங்கு இருப்பது மேலே, முன்பக்கம். பதினோராம் தளத்தில் காபியோடு போய் நின்றேன். அது ஊதியதில் பாதிக் காபி என் சட்டையில்.

பார்க்க எதுவும் இல்லாததால் கப்பலைப் பார்த்தேன். காலை முழுக்க ஏறி இறங்கி ஒவ்வொரு மூலையையும் சோதித்தேன்.

பத்தாம் தளத்தின் முன்பக்கம், விளம்பரங்களில் வரும் அந்தக் கண்ணாடி மண்டபம். மெத்தை நாற்காலிகள், இதமான சூடு, பியானோ. எட்டு மணிக்கே எல்லா நாற்காலியிலும் ஆள் இருந்தார்கள். ஆள் இல்லாதவற்றில் புத்தகமோ சால்வையோ இருந்தது. ஒரு நாற்காலியில் ஒற்றைச் செருப்பு. கண்ணாடியில் உள்விளக்குகளின் பிரதிபலிப்பு விழுந்ததால், எடுத்த படம் எல்லாவற்றிலும் கடலுக்கு நடுவே பியானோ மிதக்கிறது.

பின்பக்கத்து மேல்தளத்தில் காற்று அடிக்கவில்லை. கப்பலின் உடம்பே காற்றை மறைத்துவிடுகிறது. நாற்காலிகளும் காலியாக இருந்தன. இவ்வளவு நல்ல இடத்தை எப்படி விட்டு வைத்தார்கள் என்று மகிழ்ந்து அரை மணி நேரம் உட்கார்ந்தேன். எழுந்தபோதுதான் வெளிர்நிற ஜாக்கெட்டின் தோளில் கரும்புள்ளிகள் தெரிந்தன. புகைபோக்கியிலிருந்து விழுந்த கரி. தட்டினால் போயிருக்கும், நான் தேய்த்துவிட்டேன்.

மூன்றாம் தளத்தில்தான் மனம் நின்றது. கப்பலை முழுதாகச் சுற்றி வரும் பலகைத் தளம் அது. மேலே உயிர்காப்புப் படகுகள் வரிசையாகத் தொங்குவதால் மழை படாது. அதே காரணத்தால் வானமும் பாதிதான் தெரியும். ஆனால் கடல் மிக அருகில் இருக்கிறது. இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு முப்பது விநாடியில் போய்விடலாம். பால்கனி அறைக்காரர்களுக்கு இது முடியாது. 1,400 டாலர் கொடுத்தவருக்குப் பாதி உலகம்தான். இதை அத்தையிடம் சொன்னேன். "அவர்களிடம் போர்வையும் நாற்காலியும் இருக்கிறது" என்றார்.

கப்பல் 19 நாட் வேகத்தில் போனது. மணிக்கு 35 கிலோமீட்டர். காற்றே இல்லாத நாளிலும், முன்னால் நிற்பவர் முகத்தில் அந்த 35 கிலோமீட்டர் அடிக்கும். எதிர்காற்றும் சேர்ந்துகொண்டால் கண்ணில் தண்ணீர்தான். பின்காற்று கப்பலின் வேகத்துக்குச் சமமாக இருந்தால் மட்டும் தளத்தில் ஓர் இலைகூட அசையாத அமைதி. மதியம் பத்து நிமிடம் அப்படி இருந்தது. புகை நேராக மேலே எழுந்தது.

ஜூன் 10, செவ்வாய். ஜூனோ

இரவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கச் சொல்லியிருந்தார்கள். நான் தள்ளவில்லை. ஐந்தரைக்கு அலாரம் அடித்து அத்தையை எழுப்பி, இரண்டு ஸ்வெட்டரைப் போட வைத்து வெளியே கூட்டி வந்த பிறகுதான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலரை. அத்தை என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப்போவதில்லை.

அறைக்குத் திரும்பவும் மனமில்லை. விடிந்துதான் இருந்தது, இந்த மாதத்தில் இங்கே நான்கு மணிக்கே சூரியன் வந்துவிடுகிறது. மூன்றாம் தளத்தில் எங்களைத் தவிர ஒரு பெண்மணி மட்டும் வேகமாகச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் "குட் மார்னிங்" சொன்னார். நாலாவது சுற்றில் சலித்துப்போய்க் கையை மட்டும் ஆட்டினார்.

அப்போது யாரோ பெருமூச்சு விட்டது போல ஒரு சத்தம். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இல்லை. மறுபடியும் கேட்டது. இருநூறு மீட்டர் தள்ளி, தண்ணீருக்கு மேல் ஒரு வெண்மூச்சு எழுந்து கரைந்தது. கூன்முதுகுத் திமிங்கிலம். முதுகு கறுப்பாக வளைந்து புரண்டது. பிறகு வால் எழுந்து, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இறங்கியது. குளிர்காலத்தில் ஹவாய்ப் பக்கம் போய்க் குட்டி போட்டுவிட்டு, கோடையில் சாப்பிட இங்கே வருகின்றன. ஹவாயில் அவற்றுக்குச் சாப்பாடு அநேகமாகக் கிடையாது. "அப்படியானால் இது பசி மூச்சு" என்றார் அத்தை.

மேல்தளத்தில் நின்றிருந்தால் திமிங்கிலத்தைப் பார்த்திருப்போம், மூச்சு கேட்டிருக்காது.

கப்பல் கேஸ்டினோ கால்வாய்க்குள் நுழைந்தது. வலப்பக்கம் பெருநிலம், இடப்பக்கம் டக்ளஸ் தீவு. தீவின் கரையில், தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தது ஒற்றைக் கட்டடம். ட்ரெட்வெல் தங்கச் சுரங்கத்தின் பழைய நீரேற்று நிலையம். 1917இல் கடல் உள்ளே புகுந்து சுரங்கம் மூழ்கியது, இது இன்னும் நிற்கிறது. ஆறரைக்கு மேல்தான் மற்றவர்கள் கண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்தார்கள். அத்தை அதற்குள் கம்பியின் நல்ல மூலையைப் பிடித்துவிட்டு, "நேற்றிலிருந்து இங்கேதான்" என்ற முகத்தோடு நின்றார்.

ஜூனோ ஒரு மாநிலத் தலைநகர். ஆனால் வேறு ஊரிலிருந்து சாலை வழியாக வர முடியாது. படகு, இல்லாவிட்டால் விமானம். மெண்டன்ஹால் பனியாற்றுக்குப் பஸ்ஸில் போனோம். மழை. பக்கத்து நக்கெட் அருவி பெரிதாகவும் பனியாறு சிறிதாகவும் தெரிந்தது. திரும்பும்போது மீன் டாகோ மூன்று 24 டாலருக்குச் சாப்பிட்டேன். அதை அத்தை ரூபாயில் பெருக்கிச் சொல்லியிருக்க வேண்டாம்.

ஜூன் 11, புதன். ஸ்காக்வே

மழை இல்லை, காற்று உண்டு. கப்பலிலிருந்து இறங்கி ஐந்து நிமிடத்தில் ஒயிட் பாஸ் ரயில். 1898இல் தங்கவேட்டைக்காரர்களுக்காகத் தொடங்கி 1900இல் முடித்த பாதை. தண்டவாளத்தின் அகலம் மூன்றே அடி. 20 மைலில் 2,865 அடி ஏறுகிறது. டிக்கெட் நூறு டாலருக்கு மேல், அதோடு பேச்சை முடித்துக்கொள்கிறேன்.

ரயிலிலும் இதே இடப் பிரச்சினைதான். ஏறும்போது இடப்பக்கம்தான் பள்ளத்தாக்கு. வலப்பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு மணி நேரம் கல்சுவர். ஆனால் இங்கே ஒரு நியாயம் வைத்திருக்கிறார்கள். உச்சியில் நாற்காலி முதுகைத் திருப்பிப் போட்டு, எல்லோரும் பக்கம் மாறி உட்கார வேண்டும். எங்கள் பக்கத்து வரிசை மனிதர் மாறாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். எதிரிலிருந்த பெண் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து நின்று, சிரித்தபடி, காத்திருந்தார். அந்தச் சிரிப்பை ஒரு நிமிடம்கூட அவரால் தாங்க முடியவில்லை.

நாங்கள் இரண்டு பக்கத்திலும் உட்காரவில்லை. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே திறந்த மேடை இருக்கிறது, அங்கே நிற்கலாம். என்ஜின் வளைவில் திரும்பும்போது மொத்த ரயிலும் தெரிகிறது. டெட் ஹார்ஸ் பள்ளம் வந்ததும் வழிகாட்டி குரலைத் தாழ்த்தினார். தங்கவேட்டைக் காலத்தில் ஏறத்தாழ 3,000 பொதிக் குதிரைகள் இந்த வழியில் செத்தன. எல்லையில் கனடாப் போலீஸ் ஆளுக்கு ஓர் ஆண்டுச் சாமான், அதாவது ஏறக்குறைய ஒரு டன், கேட்டது. அத்தனையும் குதிரை முதுகில். அத்தை பள்ளத்தைப் பார்க்காமல் பைனாகுலரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாலை கப்பல் புறப்பட்டபோது லின் கனால் என்ற நீண்ட கடல்நீர்ப் பள்ளத்தாக்கில் எதிர்காற்று. என் கம்பளித் தொப்பி பறந்து கடலில் விழுந்தது. கப்பலின் கடையில் புதுத் தொப்பி 34 டாலர். முன்பக்கம் 'அலாஸ்கா' என்று பூவேலை. இனி எங்கே போனாலும் என்னை ஒரு விளம்பரப் பலகையாகப் பார்ப்பார்கள்.

ஆனால் அந்தத் தொப்பியால் ஒரு லாபம். கடையில் அத்தை, காலையில் வேகநடை நடக்கும் அந்தப் பெண்மணியைப் பிடித்துக்கொண்டார். அத்தையின் ஆங்கிலம் சிறிது, ஆர்வம் பெரிது. திரும்பி வந்தவர், "ஆறாம் தளத்தில் முன்பக்கம் ஒரு கதவு இருக்கிறதாம்" என்றார். எங்கள் அறை இருப்பது ஆறாம் தளம். தாழ்வாரத்தில் வலப்புறம் திரும்பி நேராகப் போனோம். கடைசி அறையைத் தாண்டி, சரக்கு அறை போல ஓர் இரும்புக் கதவு. காற்று வலுத்தால் திறக்க வேண்டாம் என்று ஓர் எச்சரிக்கை, வேறு எந்தப் பலகையும் இல்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினேன்.

கப்பலின் நெற்றியில், மாலுமி அறைக்கு இரண்டு தளம் கீழே, பதினைந்து பேர் நிற்கக்கூடிய வெள்ளை வராந்தா. கண்ணாடி இல்லை. இடம், வலம், முன் மூன்றும் திறந்த வெளி. கம்பிக்குக் கீழே இருந்த உயரமான இரும்புச் சுவரில் மோதிக் காற்று தலைக்கு மேலே தாவிப் போனது. குனிந்து நின்றால் பேசுவதுகூடக் கேட்டது. எங்களைத் தவிர இரண்டே பேர். அவர்களும் குரலைத் தாழ்த்தியே பேசினார்கள். யாரிடமும் சொல்லிவிடாதே என்பது அதன் பொருள். பத்து மணிக்குச் சூரியன் மலைக்குப் பின்னால் போனது. விளக்கு எதுவும் எரியவில்லை. மாலுமிகளின் கண்ணுக்கு இருட்டு தேவை என்பதால் இரவில் இங்கே விளக்குப் போடுவதில்லையாம்.

மூன்று நாளாக எங்கள் அறையிலிருந்து நாற்பது அடியில் இது இருந்திருக்கிறது. அந்த வயிற்றெரிச்சலோடு படுத்தேன்.

ஜூன் 12, வியாழன். கிளேசியர் பே

இன்றைக்காகத்தான் வந்தோம்.

ஆறரை மணிக்குப் பார்ட்லெட் கோவ் அருகே கப்பல் வேகம் குறைத்தது. சிறு படகு ஒன்று பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஓட, தேசியப் பூங்காவின் ரேஞ்சர்கள் கயிற்றேணியில் ஏறினார்கள். கோடையில் நாளொன்றுக்கு இரண்டு பெரிய சுற்றுலாக் கப்பல்களுக்கு மேல் இந்த விரிகுடாவுக்குள் விடுவதில்லை. தொப்பி, காகிதக் கோப்பை, காகிதத் துடைப்பான் எதுவும் பறந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். என் 34 டாலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

1794இல் கேப்டன் வான்கூவரின் ஆட்கள் இந்தப் பக்கம் வந்தபோது இங்கே விரிகுடாவே இல்லை. கரையில் ஐந்து மைல் உள்வாங்கிய ஒரு பள்ளம், அதற்குப் பின்னால் பனிச்சுவர். 1879இல் இயற்கையியலாளர் ஜான் முயர் படகில் வந்தபோது அந்தச் சுவர் நாற்பது மைலுக்கு மேல் பின்வாங்கியிருந்தது. 1916இல் 65 மைல் உள்ளே, இப்போது நாங்கள் போகப்போகிற டார் இன்லெட் என்ற கிளை விரிகுடாவின் முனைக்குப் போய்விட்டது. அதற்கு முந்தைய கதையை ரேஞ்சர் சொன்னார். இது ஹூனா டிலிங்கிட் மக்களின் ஊர். பதினெட்டாம் நூற்றாண்டில் பனியாறு முன்னேறி வந்து அவர்களைத் துரத்தியது. நாய் ஓடும் வேகத்தில் வந்தது என்று அவர்களின் வாய்மொழிக் கதை சொல்கிறது. 2016இல் பார்ட்லெட் கோவ் கரையில் அவர்களுக்கான மரபு இல்லம் மறுபடியும் எழுந்திருக்கிறது. அத்தை இதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

ஏழு மணிக்கு முன்முனையைத் திறந்தார்கள். வழக்கமாக மாலுமிகள் மட்டும் போகும் இடம். கயிறு சுற்றும் இயந்திரங்கள், மஞ்சள் கோடு, ஈரமான சொரசொரப்புத் தரை. கப்பலில் இதைவிட முன்னால் போய் நிற்க இடமில்லை. நுழைந்ததும் புரிந்தது, நூற்றுக்கணக்கான பேருக்கும் இது தெரிந்திருக்கிறது. பணியாளர்கள் பெரிய பாத்திரத்தில் பட்டாணி சூப் கொண்டு வந்தார்கள். பன்றி இறைச்சி இல்லாதது தனியாக இருந்தது. இந்தப் பயணத்தில் அத்தை "இன்னும் கொஞ்சம்" என்று கேட்டு வாங்கிய ஒரே உணவு அதுதான். ஒன்பது டிகிரிக் குளிரில், கையுறையோடு கோப்பையைப் பிடித்துக்கொண்டு. பக்கத்தில் சூடான சாக்லெட்டில் மது கலந்து 12 டாலருக்கு விற்றார்கள். நான் வாங்கியதை அத்தை பார்க்கவில்லை.

சவுத் மார்பிள் தீவில் கடற்சிங்கங்கள். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சத்தமும், அதற்கும் முன்பே நாற்றமும் வந்தன. குளூமி நாப் என்ற மொட்டைப் பாறையில் வெள்ளைப் புள்ளிகள் நகர்ந்தன; மலையாடு என்று பைனாகுலர் சொன்னது. அது வலப்பக்கம். அடுத்து ரீட், லாம்ப்லூ பனியாறுகள் இடப்பக்கம். முன்முனையில் கேமராவுக்கு முக்காலி வைத்திருந்த ஒருவர் இடப்பக்கக் கம்பியை இரண்டு மணி நேரமாக விட்டுக்கொடுக்கவில்லை. பின்னால் நின்ற சிறுமி எக்கி எக்கிப் பார்த்தாள். அவருக்குப் பக்கத்தில் இருந்த வயதானவர் தன் இடத்தில் அவளை நிறுத்திவிட்டுப் பின்வரிசைக்குப் போனார். முக்காலிக்காரர் அப்போதும் கண்ணை லென்ஸிலிருந்து எடுக்கவில்லை.

நாங்கள் ஆறாம் தளத்து வராந்தாவுக்கு ஓடினோம். அங்கேயும் இன்று நாற்பது பேர். ரகசியம் காப்பாற்றப்படவில்லை.

பத்தரை மணிக்கு மார்ஜரி பனியாறு. 21 மைல் நீளம் வந்து, ஒரு மைல் அகலத்துக்குக் கடலில் முடிகிறது. நீருக்கு மேலே 250 அடி உயரம், கீழே இன்னும் நூறடி. இந்த எண்களை முந்தின நாளே படித்திருந்தேன். கப்பல் நின்றதும் முதலில் ஏமாற்றம்தான். அவ்வளவு பெரியதாகத் தெரியவில்லை. அதன் அடியில் வெள்ளைத் தூசி போலப் பறந்தவை கடற்பறவைகள் என்று அத்தை பைனாகுலரைக் கொடுத்தபோதுதான், கண்ணுக்குள் அளவுகள் தடாலென்று மாறின.

வானம் மூடியிருந்ததால் நீலம் இன்னும் அடர்த்தியாக இருந்தது. காற்றுக் குமிழியெல்லாம் நசுங்கி இறுகிய பனி, சிவப்பை விழுங்கிவிட்டு நீலத்தை மட்டும் திருப்பி அனுப்புகிறது. பக்கத்திலேயே கிராண்ட் பசிபிக் பனியாறு. மேலே மண்ணும் கல்லும் மூடி, கறுத்துக் கிடக்கிறது. "இது என்ன கல்குவாரியா?" என்றார் அத்தை. இருநூறு வருடம் முன்பு இந்த விரிகுடாவையே அடைத்திருந்த பனியின் மிச்சம் அது என்றேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

பிறகு வெடித்தது. துப்பாக்கி போல ஒரு சத்தம், அதன்பின் நீண்ட உருமல். எல்லோரும் திரும்பினோம். அதற்குள் பனி விழுந்து, நீர் எழும்பி அடங்கிக்கொண்டிருந்தது. கப்பல் அறுநூறு, எழுநூறு மீட்டர் தள்ளி நின்றிருக்க வேண்டும். ஒலி வந்து சேர இரண்டு விநாடி. காது கேட்ட பிறகு கண்ணைத் திருப்பினால் நடந்து முடிந்ததைத்தான் பார்க்க முடியும். டிலிங்கிட் மக்கள் இதை வெள்ளை இடி என்கிறார்கள். நான்கு முறை இப்படியே ஏமாந்தேன். சத்தத்துக்குக் காத்திருக்காதீர்கள், சின்னத் துண்டுகள் பொடிப்பொடியாக உதிரும் இடத்தையே பார்த்துக்கொண்டிருங்கள் என்று ரேஞ்சர் ஒருவர் கூட்டத்துக்குள் மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனார். ஐந்தாவது முறை பார்த்தேன். ஒரு தூண் முழுதாக, சத்தமே இல்லாமல், நின்ற வாக்கில் தண்ணீருக்குள் இறங்கியது. இடி பிறகு வந்தது.

இங்கே உயரம் பற்றி ஒன்று. பதினோராம் தளத்துக்கும் போய்ப் பார்த்தேன். அங்கிருந்து பனியாற்றின் மேற்பரப்பும், அதன் வெடிப்புகளும், மலைகளுக்கு நடுவே அது வளைந்து வரும் வழியும் தெரிகின்றன. ஆறு என்று ஏன் சொல்கிறோம் என்பது அங்கேதான் விளங்கும். ஆனால் சுவர் சிறுத்துவிடுகிறது. மூன்றாம் தளத்தில் ஆறு தெரியாது, சுவர் மட்டும். அண்ணாந்து பார்க்க வேண்டும். அங்கே இன்னொன்றும் கேட்டது: மிதக்கும் பனிக்கட்டிகள் பொரிவது. உள்ளே அடைபட்ட பழைய காற்று, கரையக் கரைய உடைந்து வெளியேறுகிறது. சோடாவைக் காதருகே வைத்தது போல, கடல் முழுக்க.

பனிச்சுவர் முதலில் இடப்பக்கம் இருந்ததால் கூட்டம் முழுக்க அங்கே. அரை மணியில் கப்பல் நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பத் தொடங்கியது. இடப்பக்கக் கூட்டம் தங்கள் இடத்தை விட மனமில்லாமல் அப்படியே நின்றது. நானும் அத்தையும் மூன்றாம் தளத்தில் வலப்பக்கத்துக்கு நடந்தோம். கம்பியோரம் முழுக்கக் காலி. பனியாறு தானாகவே எங்களை நோக்கிச் சுற்றி வந்து நின்றது. அத்தை எனக்கு முன்னால் போய் இரண்டு முழங்கையையும் கம்பியில் ஊன்றிக்கொண்டார். பத்து நிமிடம் பேசவே இல்லை. பிறகு, "கால் வலிக்கிறது, ஒரு நாற்காலி கொண்டு வா" என்றார்.

பக்கத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் இன்லெட்டுக்குக் கப்பல் போகவில்லை. அங்கே பனிக்கட்டிகளின் மேல் சீல்கள் குட்டி போடும் காலம். மே முதல் ஆகஸ்ட் வரை பெரிய கப்பல்களுக்குத் தடை. சிலர் முணுமுணுத்தார்கள்.

திரும்பும் வழியில் என்ன பார்த்தேன் என்று கேட்டால் தெரியாது. நாற்காலியில் தூங்கிவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி. கெச்சிக்கன்

மழை. இங்கே ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அதில் ஒரு பகுதி இன்று என் சட்டைக்குள். ஊர்க்காரர்கள் யாரிடமும் குடை இல்லை, பழுப்பு ரப்பர் பூட்ஸ் மட்டும். குடை வைத்திருப்பவர் கப்பல்காரர் என்று சின்னப் பையனுக்கும் தெரிகிறது. கிரீக் தெருவின் மரக்கால் வீடுகள், டோட்டம் கம்பங்கள், ஹாலிபட் மீனும் உருளைக்கிழங்கும் 27 டாலர். மீன் நன்றாக இருந்தது, சொல்லித்தான் ஆக வேண்டும்.

கப்பலுக்குத் திரும்பி, படகுகளுக்கு அடியில் நனையாமல் நின்று மிதவை விமானங்களைப் பார்த்தோம். எங்களுக்கும் எதிர்க்கரைக்கும் நடுவிலேயே இறங்கி ஏறுகின்றன, ஆட்டோ போல. அத்தை பதினேழு வரை எண்ணினார்.

ஜூன் 14, சனி. கடலில்

திறந்த கடல், எதிர்காற்று, ஆட்டம். ஆறாம் தளத்துக் கதவைப் பூட்டி ஒரு சங்கிலியும் போட்டுவிட்டார்கள். கண்ணாடி மண்டபத்தில் இன்று இடம் இருந்தது. பாதிப் பேர் அறையில் படுத்துவிட்டார்கள். அத்தை அங்கே ஜன்னலோர நாற்காலியில் சால்வையை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். திங்கள்கிழமை இதே காரியத்தைச் செய்தவர்களைப் பற்றி அவர் சொன்னதை நினைவுபடுத்தினேன். "அவர்களுக்கு 68 வயதா?" என்றார்.

இன்றும் காளான்.

மாலை ஜான்ஸ்டன் நீரிணைக்குள் வந்ததும் கடல் அடங்கியது. ஓர்கா திமிங்கிலங்களுக்குப் பேர்போன இடம் என்பதால் மூன்றாம் தளம் நிறைந்துவிட்டது. எட்டிலிருந்து பத்து வரை நின்றோம். ஒன்றும் வரவில்லை. முக்காலிக்காரரும் எங்களுக்குப் பக்கத்தில்தான் நின்றார்; வியாழக்கிழமை எடுத்த படங்களைக் காட்டினார். அந்தத் தூண் இறங்கும் படம் அவரிடம் இல்லை. அப்போது லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தாராம். எனக்கு வந்த சந்தோஷம் அவ்வளவு நாகரிகமானதில்லை.

ஜூன் 15, ஞாயிறு. வான்கூவர்

பெட்டிகளை நேற்றிரவே வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். என் ஜாக்கெட்டும் பெட்டிக்குள் போய்விட்டது என்பது காலை ஆறு மணிக்குத் தளத்தில் நிற்கும்போதுதான் தெரிந்தது.

லயன்ஸ் கேட் பாலம் மறுபடியும். கூட்டம் மறுபடியும் பதினோராம் தளத்தின் முன்பக்கக் கண்ணாடிக்கு முன்னால். நாங்கள் அதே தளத்தின் பின்பக்கம், புகைபோக்கிக்குச் சற்றுத் தள்ளி நின்றோம். கரி விழட்டும், ஜாக்கெட்தான் இல்லையே. பாலம் முன்னாலிருந்து வந்து புகைபோக்கியின் மேல் மோதத்தான் போகிறது என்று தோன்றியது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். மோதவில்லை. தலைக்கு மேல் ஒரு லாரியின் அடிப்பாகம் தடதடத்துக்கொண்டு போனது. பாலத்து நடைபாதையில் சைக்கிளோடு நின்ற ஒருவர் எங்களைப் பார்த்துக் கையசைத்தார். அத்தை பைனாகுலரை உயர்த்தி அவரை நன்றாகப் பார்த்துவிட்டு, பதிலுக்குக் கையசைத்தார்.

"அடுத்த முறை பால்கனி எடுக்கலாமா அத்தை?" என்றேன்.

"எந்தப் பக்கம்?" என்றார்.